மலை ஏறாத பக்தை

எனக்கு எச்.ஐ.வி. எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், பற்றிக்கொண்டு வரும். வந்துவிட்டது, மாத்திரை போடுகிறேன், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அவ்வளவுதான்.

மாத்திரை சித்தூரிலேயே கிடைக்கும். ஆனால் பாலசமுத்திரம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் பாதிப் பேர் தினமும் சித்தூரில்தான் கிடக்கிறார்கள். அதனால் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். ஊரில் கேட்டால், "பெருமாளுக்கு வேண்டுதல், மாசாமாசம் மலைக்குப் போவணும்" என்பேன். திருப்பதிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால் எவள் நம்புவாள்? பஸ் ஸ்டாண்டு பக்கத்து மிட்டாய்க் கடையில் லட்டு வாங்கிவந்து தெருவுக்கே பிட்டுக் கொடுத்தேன்.

இரண்டே வருஷத்தில் பெரிய பக்தையாகிவிட்டேன். பக்கத்து வீட்டுக் கமலம்மா அத்தை, ஒரு கூலியாளுக்கு இதே நோய் என்று கேள்விப்பட்டு அவன் குடித்த டம்ளரையே குப்பையில் வீசிய புண்ணியவதி. அவள் என் கையால் லட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேரனுக்கு ஊட்டுவாள். எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

போன மாதம் நான் பஸ் ஏறப் போனால், அவளும் துணிப்பையோடு நிற்கிறாள்.

"ஏம்மே தேவயானி, நானும் வரேன். உன்கூட வந்தா சாமிய நல்லாப் பாக்கலாம்."

என்ன சொல்லியும் அசையவில்லை. என்னிடம் மறுநாளைக்கு மாத்திரை இல்லை. மலைக்குப் போனால் ஆஸ்பத்திரி மூடிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊரில் என் மானம் போகும். திருப்பதியில் இறங்கியதும் அவளை ஓரமாக இழுத்துப்போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அத்தை முந்தானையால் வாயைத் துடைத்தாள். "அய்யோ தேவுடா! உன் கையால துன்னேனே, எனக்கும் வந்துடுமா?"

"அப்படி வரும்னா இன்னைக்கு ஊரே என்கூட மாத்திர வரிசைல நின்னுக்கினு இருக்கும் அத்தே."

இரண்டு வருஷ லட்டை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

"அப்போ நீ மலைக்கே போகலியா? அது கடை லட்டா? அடிப்பாவி!"

நோய்க்கு வராத கோபம் லட்டுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினாள். நல்லவேளை, திட்டெல்லாம் லட்டைப் பற்றித்தான்.

"ஊர்ல சொல்லிடுவியா அத்தே?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதச் சொல்றது? மிட்டாய்க் கடை லட்ட ரெண்டு வருஷமா கண்ணுல ஒத்திக்கினேன்னா? எவ என்னை மதிப்பா? வாய மூடிக்கினு போயி மாத்திர வாங்கு, போ."

ஆஸ்பத்திரிச் சுவரில், உங்கள் ரகசியம் காக்கப்படும் என்று தெலுங்கில் பெரிதாக எழுதியிருந்தது. நான் கமலம்மா அத்தையின் வீம்பை நம்பி நிம்மதியாக வரிசையில் நின்றேன்.