என் விரலைத் தின்றது

இறால் குத்துவது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. கீழ்க்கட்டளை மார்க்கெட் தெருவில் கல்யாணமான வருஷத்திலிருந்து மீன் விற்கிறேன். இறாலின் தலையில் ரம்பம் போல ஒரு கொம்பு இருக்கும். அவசரமாக உரித்தால் விரலில் ஏறிவிடும். ஏறினால் மெடிக்கலில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கேப்சூல் வாங்கி, அதைப் பிரித்து, உள்ளே இருக்கிற பொடியைக் காயத்தில் கொட்டித் துணியைச் சுற்றிக்கொள்வோம். விழுங்கினால் வயிற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், தூவினால் நேராகக் காயத்துக்கே போய்விடும் என்பது எங்கள் கணக்கு. யார் போட்ட கணக்கு என்று கேட்டால் மார்க்கெட்டில் ஒருத்தி இன்னொருத்தியைக் கை காட்டுவாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வலது கை மோதிர விரலில் குத்தியது. பொடியைத் தூவிவிட்டு வியாபாரத்தைப் பார்த்தேன். சாயங்காலமே விரல் தெறிக்க ஆரம்பித்தது. மறுநாள் காலையில் அது கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. புறங்கை முழுக்க வீக்கம், உடம்பெல்லாம் காய்ச்சல்.

என் வீட்டுக்காரர் பூவராகன் பம்மல் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரிக்குக் கிளம்பினவர் என் கையைப் பார்த்ததும் சாவியைக் கீழே போட்டார்.

"இன்னாடி இது, கையா இன்னா? இப்டி வீங்கிக் கீது!"

"பொடி போட்டுக்கீறேன். அடங்கிடும்யா."

"நீ மொதல்ல அடங்கு. ஏறு வண்டில."

தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சர்ஜன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் எங்கே முடிகிறதோ அங்கே, மணிக்கட்டைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"மருந்து ஏத்தறோம்மா. வீக்கம் இந்தக் கோட்டைத் தாண்டி மேல ஏறிச்சுன்னா, முழங்கை வரைக்கும் எடுக்க வேண்டி வரலாம். உயிரைக் காப்பாத்தணும்."

"எட்துட்டு நீ வந்து மீன் வெட்டித் தருவியா சார்?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் பாவம், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து மீனை இரண்டு கையாலும் பிடித்துத்தான் அறுக்க வேண்டும். ஒரு கை போனால் நான் மீன்காரி இல்லை. வேறு என்ன என்று எனக்குத் தெரியவும் தெரியாது.

மருந்து பாட்டில் பாட்டிலாக ஏறியது. வீக்கமும் தன் பாட்டுக்கு ஏறியது. அடுத்த நாள் மத்தியானம் அது கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் கண்ணை அந்தக் கோட்டை விட்டு எடுக்கவே இல்லை.

அப்போதுதான் ஈவ்லின் வந்தாள். கிருமிகளை வளர்த்துப் பார்க்கிற லேபில் டாக்டர். பார்த்தால் காலேஜ் பெண் மாதிரி இருப்பாள். வந்ததும் வராததுமாகக் கேள்வி: கடல் இறாலா, பண்ணை இறாலா? குத்தினதும் என்ன மருந்து போட்டீங்க? இதுக்கு முன்னால எத்தனை தடவை போட்டிருக்கீங்க?

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எறாலப் பத்தி அப்பால கேளு. என்னத் துன்னுகினு கீதே, அது இன்னான்னு மொதல்ல சொல்லு. அத்த எனக்குக் காட்டு."

எரிந்து விழுவாள் என்று நினைத்தேன். அவள் செல்போனை எடுத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலைல எடுத்த போட்டோ, அக்கா. உங்க காயத்துல இருந்து எடுத்து வளர்த்தது."

ஒரு வட்டத் தட்டு. அதன்மேல் கஞ்சியில் ஏடு படிந்தது போல ஒரு படலம். படலத்தின் நடுவே நடுவே பொட்டு மாதிரி வெள்ளை வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு மருந்து ஊறியிருக்கிறதாம். மருந்துக்குக் கிருமி பயந்தால் வில்லையைச் சுற்றி வளராமல் இடம் விட்டு நிற்குமாம். இங்கே நான் பார்த்த எதற்கும் இடம் விடவில்லை. வில்லைகளை உரசிக்கொண்டு வளர்ந்திருந்தது.

"இதுதான் நீங்க தூவற பொடி" என்று ஒரு வில்லையைக் காட்டினாள். அதையும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை கிருமி.

"உப்புத் தண்ணில இருக்கிற வகை, அக்கா. ஒண்ணு ரெண்டாகறதுக்கு நீங்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்."

"இத்தினி மருந்தையும் தாங்கறதுக்கு இது எங்க கத்துக்கினுச்சு?"

"இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. பண்ணைக் குட்டைல இறாலுக்குப் போட்ட மருந்தா இருக்கலாம். சாக்கடையோட கடலுக்குப் போன மருந்தா இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா மருந்து பட்டா சோப்ளாங்கி எல்லாம் செத்துடும், கெட்டிக்காரனுங்க மட்டும் மிஞ்சுவானுங்க. அதுல ஒண்ணு தப்பிக்கிற வழியைக் கண்டுபிடிச்சா, பக்கத்துல இருக்கிற வேற வகைக் கிருமிக்குக்கூட அதை அப்படியே எடுத்துக் கொடுத்துடும்."

"சும்மாவா குட்த்துரும்?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மார்க்கெட்டில் நெத்திலி எங்கே மலிவாக இறங்குகிறது என்று கூடப்பிறந்தவளுக்குக்கூடச் சொல்ல மாட்டோம். கண் இல்லை, வாய் இல்லை, மூளை இல்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு துளி. அது தனக்குத் தெரிந்ததை வழியில் போகிறவனுக்கு எல்லாம் கொடுக்கிறதாம். என் கை எரிந்துகொண்டிருந்தது, ஆனாலும் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இவ்வளவு பெரிய விஷயம் என் விரலுக்குள் நடந்திருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்றே என்று மலைத்துப்போனேன்.

"அல்லாத்தயும் ஜெயிச்சிடுச்சா?"

தட்டின் ஓரத்தை விரலால் பெரிதாக்கினாள். அங்கே ஒரே ஒரு வில்லை. அதைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் படலம் இல்லாமல் வெறுமையாக இருந்தது.

"இது ஒண்ணுக்குத்தான் அடங்குது. சர்ஜன்கிட்ட சொல்லிட்டேன், இப்பவே மாத்தறாங்க. ஆனா அக்கா... அந்த விரல் செத்துப்போச்சு. அதை விட்டு வச்சா மருந்து அங்க போய்ச் சேராது."

சர்ஜன் வந்தபோது மார்க்கெட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். "வெரல எட்துக்கோ சார். கைய வுட்டுடு."

"முயற்சி பண்றேம்மா."

"முயற்சியெல்லாம் வோணாம். வெரலு உனுக்கு, கை எனுக்கு."

ஆபரேஷன் மயக்கம் தெளிந்ததும் முதலில் தேடியது கோட்டைத்தான். வீக்கம் அதே இடத்தில் நின்றிருந்தது. ஒரு நூல்கூட ஏறவில்லை. பூவராகன் பக்கத்தில் நின்று வார்டில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். விடிந்தபோது வீக்கம் கோட்டைவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. நானும் அழுதேன். விரலுக்காக அழவில்லை, கை கிடைத்ததற்காக அழுதேன்.

தையல் பிரித்த அன்றைக்கு நானே ஈவ்லினைத் தேடிப் போனேன். லேப் வாசலில் என்னை நிற்கவைத்து, மூடி ஒட்டிய தட்டை எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்தாள். போட்டோவில் தெரியாத மினுமினுப்பு நேரில் தெரிந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அது அழகாக இருந்தது.

"இத்த இன்னா பண்ணுவ?"

"தட்டை அவிச்சுக் கொன்னுடுவோம். ஆனா கொஞ்சத்தை எடுத்துச் சின்ன குப்பில போட்டு வச்சிருக்கேன்." உள்ளே ஓர் ஆள் உயரப் பெட்டியைக் காட்டினாள். "உங்க ஐஸைவிடப் பல மடங்கு குளிர். அடுத்து யாருக்காவது இப்படி வந்தா, புது மருந்தை இதுமேல போட்டுப் பார்க்கலாம். உங்களுக்குச் சம்மதமா?"

"என் பேர கீர எழுதி வெச்சிக்கிறியா?"

"இல்லக்கா. நம்பர்தான்."

"வெச்சிக்கோ. இன்னொருத்தி கையாவது முழுசா இருக்கட்டும்." பிறகுதான் கேட்கத் தோன்றியது. "அந்தக் குளிர்ல அது செத்துப்பூடாதா?"

"தூங்கும். எடுத்துச் சூடு காட்டினா முழிச்சுக்கும்."

"எத்தினி நாளைக்கு?"

பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் நானும் போனதுக்கு அப்புறமும் இருக்கும், அக்கா."

ஐஸ் பெட்டியோடு காலம் தள்ளுகிறவள் நான். ஐஸில் வைத்தால் எதுவும் நாலு நாளைக்கு மேல் தாங்காது என்றுதான் எனக்குத் தெரியும். என் சதையைத் தின்று வளர்ந்தது அந்தப் பெட்டிக்குள் எனக்குப் பிறகும் இருக்கப்போகிறது. பயமா, மரியாதையா, எது என்று தெரியவில்லை. என்னை அறியாமல் அந்தப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டேன். இரண்டு கையும் சேர்ந்தபோது இடது கை மோதிர விரல் மட்டும் ஜோடி இல்லாமல் நின்றது.