கடலில் விட்ட பெயர்கள்

பெரிய முரசு ஒன்றை இரண்டு பெண்கள் மாறி மாறி அடிக்க, அதைச் சுற்றி ஊரே வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. கணவாய் மீன் சுடுகிற புகை, ஐஸ் சீவுகிற சத்தம், யாரோ யாரையோ தேடிக் கூப்பிடுகிற குரல். புருஷோத்தமன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே, ஈரமணலில் நின்றான்.

ஒரகடத்தில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி, இந்த ஜப்பான் கடலோர ஊரிலுள்ள தாய்க் கம்பெனிக்கு அவனை ஒரு வருஷப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. அடுத்த மாதம் சொந்த ஊரான பிள்ளைப்பாக்கம் திரும்ப வேண்டியவன். நேற்று மேனேஜர் கூப்பிட்டு, இன்னும் இரண்டு வருஷம் இருப்பாயா என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டான். மனைவி லீலாவிடம் இன்னும் சொல்லவில்லை. திருவிழாவைக் காட்டுகிற சாக்கில் சொல்லிவிடலாம் என்று போனைப் போட்டான்.

லீலா செகண்ட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

"இன்னாய்யா இது, ஆடி மாசம் நம்மூர்ல கூழு ஊத்துனா அங்க இன்னா ஊத்துறாங்க?"

"ஐஸ சீவித் தராங்க."

"துன்னாத. ஜொரம் வந்து பட்த்தா யாரு பாப்பா?"

அவளோடு ஒரே லைனில் வேலை செய்கிற கலைமதி திரைக்குள் தலையை நீட்டினாள். "அண்ணா, சீக்கிரம் வந்து சேருங்க. காலண்டரயே மொறச்சிகினு கீறா இவ."

புருஷோத்தமன் சிரித்துவைத்தான். விஷயத்தை ஆரம்பிக்க நினைத்தான். அதற்குள் மோரிதா கையசைத்துக் கூப்பிட்டார். லைனில் பக்கத்தில் நின்று வேலை பழக்கியவர், இன்று காரில் அழைத்து வந்தவரும் அவர்தான். ஒரு மேசை மேல் சின்னச் சின்னக் காகித விளக்குகள். மோரிதா சொன்னதில் 'குடும்பம்', 'பெயர்', 'எழுது' மட்டும் இவனுக்குப் புரிந்தது. புரியாமல் என்ன? மணிமங்கலம் பெருமாள் கோயிலில் தட்டை நீட்டிச் சொல்கிற அதே பெயர்கள்தானே. லீலா, ரோகிணி. புருஷோத்தமன், அஸ்தம். நட்சத்திரத்தோடு தமிழில் எழுதி, தண்ணீரில் விட்டு, போனைத் திருப்பிக் காட்டினான்.

"ஐய, எம் பேரு கடல்ல போவுது பாருடீ!" லீலா கலைமதியிடம் பெருமையாகச் சொன்னாள்.

மோரிதா தன் விளக்கின் முன் வெகுநேரம் கைகூப்பி நின்றார். அதிலிருந்தது அவர் மனைவியின் பெயர் என்றார். பிறகு, நீ யாரை இழந்தாய் என்று மெதுவாகக் கேட்டார். ஏன் கேட்கிறார் என்று இவனுக்குப் புரியவில்லை. அவர் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: 'இறந்தவர்கள் கடல் வழியே திரும்பிப் போகிறார்கள். விளக்கு அவர்களுக்கு வழி காட்டும்.'

புருஷோத்தமன் அப்படியே தண்ணீரில் இறங்கினான். இடுப்பளவு வந்ததும் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். நூற்றுக்கணக்கான விளக்குகளுக்கு நடுவே தமிழ் எழுத்து இருந்தது ஒன்றே ஒன்றில்தான். ஓர் அலை அதைத் தூக்கி அப்பால் வைத்தது. அங்கே நின்ற படகிலிருந்தவர் கத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, துடுப்பால் அதை இவன் பக்கம் தள்ளிவிட்டார்.

விளக்கோடு கரையேறி, மூச்சு வாங்க, அது செத்தவர்களுக்கு விடுகிற விளக்கு என்று லீலாவிடம் சொன்னான். கலைமதி விழுந்து விழுந்து சிரித்தது கேட்டது. லீலா சிரிக்கவில்லை.

"எம் பேரு கெடக்கட்டும். உம் பேர ஏன்யா எழுதுன?"

"குடும்பத்துக்கே அர்ச்சனன்னு நெனச்சிட்டேன்."

அவள் பின்னால் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்த இரைச்சலில்தான் அவன் சொன்னான்: "லீலா, இன்னும் ரெண்டு வருசம் இருக்க சொல்றாங்க. நேத்து சரின்ட்டேன்."

முரசு ஓய்ந்து, மறுபடி தொடங்கியது. லீலா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திரையில் அவள் காதும் கொஞ்சம் வானமும்தான் தெரிந்தன.

"என்னைய ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல இல்ல?"

"லீலா..."

"வெளக்க தண்ணில எறங்கி எட்துகினு வந்தல்ல? சொன்ன வார்த்தயும் போயி எட்துகினு வா." பிறகு, "பஸ்ஸு வந்துட்ச்சி" என்றாள். திரை இருண்டது.

ஈரத் துணியோடு காரில் ஏற மனமில்லை. மோரிதாவிடம் தலை குனிந்து விடைபெற்று ரயிலேறினான். விளக்கைக் குப்பையில் போடவும் முடியவில்லை, அணைந்திருந்த அதை ஏற்றவும் தெரியவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். திருவிழா உடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்தாள், எழுந்து இடம் கொடுத்து, லேசாகத் தலை வணங்கினாள். யாரோ செத்துப்போனவர்களுக்காக. 'நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம்' என்று சொல்ல அவனுக்கு மொழி போதவில்லை. நன்றி என்று மட்டும் சொல்லி சீட்டின் நுனியில் உட்கார்ந்தான்.

ஒரகடத்து மொழி வகுப்பில் சரி, மன்னிக்கவும், நன்றி எல்லாம் மனப்பாடம் செய்யவைத்தார்கள். மேனேஜரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை. போனை எடுத்துத் தமிழில் தட்டினான்: 'நான் ஊருக்குப் போக வேண்டும். நேற்றுச் சொன்னது தப்பு.' அந்நிய எழுத்துகள் வந்தன. ஒலியை மட்டும் கேட்டு, மடியிலிருந்த விளக்கைப் பார்த்தபடி, உதடு அசையாமல் சொல்லிப் பார்க்கத் தொடங்கினான்.