டேப்லெட்டுக்கு ஸ்பிரிட் பஞ்சு

ஊசி போடுவதில் நர்சம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குத்தியது குழந்தைக்குத் தெரிவதற்குள் வேலை முடிந்திருக்கும். அப்பேர்ப்பட்ட கைக்கு வந்த சோதனையைப் பாருங்கள்! இன்று மாலைக்குள் ஊசிக் கணக்கை டேப்லெட் கணினியில் பதியக் கற்றுக்கொள்ளாதவர்கள் நாளை முதல் மருந்துக் கிடங்குக்குப் போக வேண்டுமாம். கிடங்கில் குழந்தைகள் ஏது?

போதாக்குறைக்கு, சுகாதார நிலையத்துக் கூடத்தில் பாடம் எடுக்க வந்தவள் சொந்த மருமகள்.

"சிஸ்டர், பச்சைப் பொத்தானைத் தொடுங்க."

"இரும்மா." நர்சம்மா ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் திரையை அழுத்தித் துடைத்தாள். துடைக்காமல் எதையும் தொட்டுப் பழகாத கை அது. திரை எங்கெங்கோ தாவி அடங்கியது.

"ஐயோ அத்தை! அதுக்கென்ன ஊசியா போடப் போறீங்க?"

கூடமே சிரித்தது. அந்த நேரம் பார்த்து மருமகளின் செல்போன் கிணுகிணுத்தது. எடுத்துப் படித்தவள் திடுக்கிட்டாள்.

"'உங்கள் குழந்தைக்கு இன்று தடுப்பூசி, உடனே வரவும்'னு வந்திருக்கு. நாளைக்குப் போக வேண்டிய மெசேஜ், அத்தை! நீங்க துடைச்ச துடைப்புல உங்க ஏரியா முழுக்க இப்பவே போயிடுச்சு!"

போச்சு, கிடங்குதான். நர்சம்மா டேப்லெட்டை மெல்ல மேசையில் வைத்தாள்.

சற்று நேரத்தில் வாசலில் அழுகுரல்கள். இடுப்பிலும் தோளிலும் தள்ளுவண்டியிலுமாகக் குழந்தைகள், குழந்தைகள்!

"நீங்க கூப்பிட்டு வராம இருப்போமா, நர்சம்மா?" என்றாள் முதலில் வந்த தாய்.

நாளைக்கான மருந்து பக்கத்து அறைக் குளிர்பெட்டியில் தயாராக இருந்தது. யோசிக்க ஏது நேரம்? "வாடா என் ராஜா" என்று ஆரம்பித்துவிட்டாள். ஊசி போட்டதும் டேப்லெட்டில் பெயர். முதல் குழந்தைக்கு எழுத்தைத் தேடித் தேடி வியர்த்து வழிந்தது. திரையைத் துடைக்கக் கை போகும்போதெல்லாம் மருமகள் பஞ்சைப் பிடுங்கினாள். அவளுடைய டேப்லெட் பயம் எந்தக் குழந்தையோடு வீட்டுக்குப் போனதோ, தெரியவில்லை.

கடைசியாக வந்தவன் அவள் மகன், கையில் பேத்தி.

"ஏம்மா, இதை வீட்டுலயே சொல்லக் கூடாதா? மெசேஜ் எல்லாம் எதுக்கு?"

பேத்தி வீறிட்டு ஓய்ந்தாள். நர்சம்மா பெயரைத் தட்டி, யாரையும் கேட்காமல் பச்சைப் பொத்தானைத் தொட்டாள். மருமகளின் செல்போன் மறுபடி கிணுகிணுத்தது: 'உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப்பட்டது.'

"நான் பாஸா, டீச்சர்?"

"கிடங்குக்கு வேற ஆளைத் தேடிக்கச் சொல்றேன், அத்தை." சொல்லும்போதே மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நர்சம்மா பஞ்சை நீட்டினாள். "இந்தா, துடைச்சுக்கோ. ஸ்பிரிட் இல்லாததுதான்."