மன்றாட்டுப் பெட்டியில் விழுந்த ஒரு சீட்டு

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. நிக்கோல் கேட்டு வாங்கியது. எங்கள் கோவிலின் இளையோர் குழுவில் இருக்கிறாள், சட்டம் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கையில் ஒரு கட்டுத் தாளோடு என்னை மடக்கினாள்.

"லாசரஸ் அங்கிள், பெட்டிஷனுக்கு முன்னால ஒரு ஷார்ட் ஸ்டோரி போடணும். ஒரே பேஜ் போதும்லா. படிச்சா ஆளுங்க அழணும், அப்புறம் சைன் பண்ணணும்."

"அழுதா சைன் பண்ண மாட்டாங்கம்மா. மூக்கைத் துடைச்சிட்டுப் போயிடுவாங்க."

"அப்போ அழாத மாதிரி எழுதுங்க."

மனிதக் கடத்தலுக்கு எதிரான சட்டத்தை இன்னும் வலுவாக்க வேண்டும் என்பது அந்தத் தாளின் கோரிக்கை. ஏமாற்றி அழைத்து வரப்பட்டவர் துணிந்து புகார் சொன்னால், வழக்கு முடியும்வரை தங்க இடமும் செய்ய வேலையும் வேண்டும். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயமில்லாமல் அவர் பேச முடியவேண்டும். இதெல்லாம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதாக இல்லாமல் உரிமையாகச் சட்டத்திலேயே இருக்கவேண்டும். நான் உடனே கையெழுத்துப் போட்டேன். கதைதான் மூன்று வாரமாக நகரவில்லை.

2

முதல் தொடக்கம்: 'பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு விசும்பல்—'

வேண்டாம். எந்த விசும்பலும் என் காதில் விழவில்லை. விழுந்ததாக எழுதினால் பொய்.

இரண்டாம் தொடக்கம்: 'மனிதகுலத்தின் வரலாறு நெடுகிலும்—'

ஐயோ, இது மேடைப் பேச்சு.

மூன்றாவது: 2008. எங்கள் கோவிலில் மதியம் தமிழ்ப் பூசை. அது முடிந்ததும் வாசலில் பிலோமினம்மாள் அக்காவின் டீ மேசை, ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப். அப்புறம் பஸ் பிடித்துத் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நம்மைக் கொண்டுபோய்விடும். ஃபோன் கார்டு விற்பவர்கள் கூவுவார்கள். மல்லிகையும் சாம்பிராணியும் மீன் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறும். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அங்கே மட்டன் சுக்கா சாப்பிடாவிட்டால் எனக்கு அந்த ஞாயிறு ஞாயிறே இல்லை. இன்றைக்கும் புக்கிட் மேராவில் என் வீட்டுச் சமையலறையில் மிளகு வறுபட்டால் மனசு அந்தச் சந்துக்கு ஓடிவிடும். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

(இந்தப் பத்தியை எழுதும்போது மட்டும் பேனா தடையில்லாமல் ஓடியது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.)

3

நான் எழுத நினைக்கும் பெண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். உண்மைப் பெயரை எழுதமாட்டேன். ஜெசிந்தா என்று வைத்துக்கொள்கிறேன். அந்தச் சாப்பாட்டுக் கடை முதலாளியின் வீட்டாரோடு பூசைக்கு வருவாள், மாதத்துக்கு ஒருமுறை. அவர்கள் முன் வரிசையில் உட்கார்வார்கள், இவள் கடைசி வரிசையில். இருபத்து நான்கு வயது இருக்கும். தையல் கடையில் வேலை என்று திருச்சி ஏஜெண்டு சொல்லி அனுப்பினானாம். வந்து இறங்கியதும் கடைச் சமையலறையில் விட்டுவிட்டார்கள். இதை அவள் டீ மேசையில் பிலோமினம்மாள் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

என் கதையில் அவளை அழ வைத்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை. கோபப்பட வைத்தேன். அதுவும் என் கோபமாகவே இருந்தது. உண்மையில் எனக்கு அவளைப் பற்றித் தெரிந்தது ஒரு துண்டுச் சீட்டுத்தான்.

4

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் மன்றாட்டுப் பெட்டி இருக்கும். யாருக்கு என்ன வேண்டுதலோ சீட்டில் எழுதிப் போடலாம். அக்கா பெட்டியைத் திறந்து சீட்டுகளை என்னிடம் தருவார். நான் அவற்றை நல்ல தமிழில் திருத்தி, விசுவாசிகள் மன்றாட்டில் மைக்கில் வாசிப்பேன். 'மவன் என்.எஸ். போறான் பயமாருக்கு' என்று கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போகும் பையனின் அம்மா எழுதியிருந்தால், நாட்டுப்பணி ஏற்கும் எம் இளைஞர்களை உமது சிறகின் நிழலில் காத்தருளும் என்று மாற்றிவிடுவேன். எல்லாரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். பதினெட்டு வருடம் இதைச் செய்தேன். லாசரஸ் வாசித்தால் சாமிக்கே கேட்கும் என்பார்கள். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது.*

ஒரு ஞாயிறு ஜெசிந்தாவின் சீட்டு வந்தது. மாடியில் வைத்துப் பூட்டுகிறார்கள், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், சம்பளம் இல்லை என்று எழுதியிருந்தாள். நான் மைக்கில் வாசித்தது இது: "தொலைதூர நாட்டில் உழைத்துக் களைத்திருக்கும் எம் சகோதரிகளுக்கு உமது ஆறுதலைத் தந்தருள வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

பூட்டு எங்கே போயிற்று? பாஸ்போர்ட் எங்கே? ஒரு வாக்கியத்தில் அத்தனையையும் துடைத்துவிட்டேன்.

* பொய்யாக அடக்கம் காட்ட இந்த வயதில் தெம்பில்லை.

5

போன பகுதியின் முதல் வரைவில், 'சீட்டின் தீவிரம் எனக்கு அப்போது புரியவில்லை' என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். எனக்குப் புரிந்தது. கோவில் மண்டபத்தின் ஆறு மின்விசிறிகளில் அந்த முதலாளியின் அப்பா பெயர் பொறித்திருந்தது. வாசிக்கும்போது அவற்றில் ஒன்று என் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. முன் வரிசையில் அவர் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். மன்றாட்டைப் பொதுவாகத்தான் வாசிக்கவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பூசை முடிந்ததும் அன்றைக்கும் தேக்காவுக்குப் போனேன். அதே கடை, அதே சுக்கா. நான் சாப்பிட்ட தட்டை அவள்தான் கழுவியிருப்பாள். நான் இத்தனை காலம் ஏங்கிக்கொண்டிருக்கும் அந்த ஞாயிறுகளின் மாடியில் அவள் பூட்டிக் கிடந்திருக்கிறாள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

கதை நகராததால் ஆங் மோ கியோவில் பிலோமினம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. முட்டி சரியில்லை, நினைவு மட்டும் கத்தி. விஷயத்தைச் சொன்னதும் டிவியை அணைத்தார்.

"அந்தப் பொண்ணா? நீ படிச்சது அழகா இருந்துச்சு தம்பி. நானே சத்தமா 'கேட்டருளும்'னேன்."

"அவ என்ன பண்ணா அக்கா?"

"அவ வாயே தொறக்கல. சுத்தி சுத்திப் பார்த்துட்டே இருந்தா. சரி, பூசை முடிஞ்சு வந்து என் டீ மேசைகிட்ட நின்னா. கப்பைக் குடுத்தேன், குடிக்கல. ஒவ்வொரு ஆளா வெளிய வர்றப்போ நிமிர்ந்து பார்க்கிறா. நீயும் வந்த. நீ கறிபாப் எடுத்துக்கிட்டுப் போயிட்ட."

"நான் பார்க்கலக்கா."

"பார்த்த. சிரிச்சிட்டுப் போன. நானும்தான் என்னத்தக் கேட்டேன்? 'டீ ஆறுதும்மா'ன்னு சொன்னேன், அவ்வளவுதான். அப்புறம் முதலாளி காடி வந்துச்சு, ஏறிப் போயிட்டா."

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அக்கா கேட்டதற்கு, ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றார்களாம். அன்றைக்கு மனிதக் கடத்தலுக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. 2014இல்தான் வந்தது. ஆனால் சட்டம் இல்லாததாலா நான் அவளிடம் பேசவில்லை? இந்தக் கேள்வியை என்னால் சட்டத்தின் தலையில் கட்ட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். எதையும் தூக்கிப் போடாத ஆள் நான். சீட்டு இருந்தது. அதில் ஒன்றை இப்போதுதான் கவனித்தேன். ஆண்டவரே என்ற சொல் அதில் இல்லை. மாதாவும் இல்லை, அந்தோணியாரும் இல்லை. அது மன்றாட்டே இல்லை. எங்களுக்கு எழுதப்பட்டது. நான்தான் அதை மேலே அனுப்பிவிட்டேன்.

7

முடிவுகள்.

அ) திருச்சியில் ஜெசிந்தா சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். வாசலில் இரண்டு மிஷின், உள்ளே ஒரு மகள். (இது என் ஆசை.)

ஆ) வேறொரு ஊர், வேறொரு ஏஜெண்டு, வேறொரு மாடி. (இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.)

இ) அன்றைக்கு நான் டீ மேசை அருகே நின்று, "உள்ள வாம்மா, சாமியார்கிட்டப் பேசுவோம்" என்கிறேன். அவள்—

இதை முடிக்க எனக்கு உரிமையில்லை. வரைவை நிக்கோலிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"எண்டிங் இல்லையே அங்கிள்."

"எனக்குத் தெரியாதும்மா."

"அப்போ அந்த ஸ்லிப்பைப் போடுங்க. ஆனா கரெக்ஷன் பண்ணாதீங்க, ப்ளீஸ்."

அப்படியே கீழே போட்டிருக்கிறேன். ஒரு எழுத்துகூடத் திருத்தவில்லை. அதற்கடுத்த பக்கத்தில் நிக்கோலின் தாள் இருக்கிறது, பெயர் எழுதக் கோடுகளோடு. படித்துவிட்டுக் 'கேட்டருளும்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

*கோயிலுக்கு வர்றவங்களுக்கு. கடை மாடில என்னய வெளிய பூட்டு போட்டு வக்கிறாங்க. பாஸ்போட்டு அவுங்ககிட்ட இருக்கு. ஒம்பது மாசமா சம்பளம் தரல. நான் கடேசி பெஞ்சில பச்ச சேல. பூச முடிஞ்சி டீ குடுக்குற எடத்துல நிப்பேன். யாராச்சும் வந்து என்னய என்னான்னு கேளுங்க.*