இடது மூலை வெளிச்சம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு குத்தாலம் ஸ்டுடியோவில் இருந்தவர்கள்: முதலாளி ரெமிஜியஸ். அவர் மனைவி ஃபிளோரா. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த எடிட்டிங் பயிற்சியாளர் புகழேந்தி. கம்ப்யூட்டர் முன்னால், எடிட்டர் மதிவதனி. சுவரில் வேளாங்கண்ணி மாதா. மாதாவையும் ஆள் கணக்கில் சேர்ப்பது ஃபிளோராவின் வழக்கம்.

லீவு நாளில் கடையைத் திறந்ததே பிரீசெட் ஏற்றுவதற்குத்தான். ஒரு படத்தில் செய்த வண்ண வேலையைச் சேமித்து வைத்து, அடுத்த படத்தின் மேல் ஒரே சொடுக்கில் போர்த்துவதுதான் பிரீசெட். புகழேந்தியிடம் ‘காவேரி கிரீன்’ என்று ஒன்று இருந்தது. இன்றைக்குக் கல்யாணப் படம் எடுக்கிறவன் எவனும் அது இல்லாமல் வேலை செய்வதில்லை என்று அவர் போனில் சொல்லியிருந்தார். ரெமிஜியஸ் அப்போதே விழுந்துவிட்டார்.

மதிவதனி சேர்ந்த புதிதில் இந்தக் கடையில் எல்லாமே இணையத்தில் இறக்கிய பிரீசெட்தான். எந்த ஊர்க் காட்டுக்கோ செய்தவை. பச்சையைக் கண்டால் பழுப்பாக்கும். ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து, நல்ல காரியத்தில் கருகின வயலை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அவள் சொந்தமாக ஒன்று செய்தாள். நாற்றங்காலின் இளம்பச்சை வேறு, தூர் கட்டிய பயிரின் பச்சை வேறு என்று தெரிகிற மாதிரி ஒன்று. ஆல்பங்கள் திரும்பி வருவது நின்றது.

எங்கேயிருந்து டவுன்லோடு பண்ணினாய் என்று ரெமிஜியஸ் கேட்டார். நானே செய்தேன் என்றாள். அவர் சிரித்தார். அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம், பொண்ணு நல்ல நல்லதாகத் தேடி இறக்கும் என்றுதான் சொல்லி வந்தார். இறக்குகிறவள். அந்தச் சொல் நகக்கண்ணில் ஏறிய சிராய் மாதிரி அவளுக்குள் கிடந்தது. அவர் வாயால் அதை மாற்றிச் சொல்லவைக்க வேண்டும் என்பதைத் தவிர இந்தக் கடையில் அவளுக்கு வேறு ஆசை இல்லை.

புகழேந்தி தன் ஹார்ட் டிஸ்கைச் செருகி, ஜிப் ஃபைலைப் பிரித்து இம்போர்ட் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி கொடுத்தார். வரவில்லை. கடையின் சாஃப்ட்வேர் பழசு, ஃபைலை நேராக ஃபோல்டரில் போட்டு மூடித் திறந்தால்தான் காட்டும் என்று மதிவதனி சொல்லி, தானே செய்தாள். திறந்ததும் பட்டியலில் ‘காவேரி கிரீன்’ நின்றது. போன வாரம் எடுத்த ஒரு கல்யாணப் படத்தின் மேல் சொடுக்கினார் புகழேந்தி. வயல் பளிச்சென்று எழுந்தது.

ரெமிஜியஸ் தலையை ஆட்டினார். ஃபிளோராதான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தாள்.

“மாப்பிள்ளை முழங்கால்ல என்னங்க வெளிச்சம்?”

அது சினிமாட்டிக் லைட் என்றார் புகழேந்தி. அடுத்து ஒரு ஞானஸ்நானப் படம். வெளிச்சம் நாற்காலிக் காலில் விழுந்தது. அதற்கடுத்தது ஓர் அடக்கத்துக்கு எடுத்தது. வெளிச்சம் பெட்டியின் மூலையில் உட்கார்ந்தது. எல்லாவற்றிலும் அதே இடம், இடது பக்கம், கீழே. உள்ளேயிருக்கிறவர் எழுந்திரிக்கப் போகிறார் போல என்றாள் ஃபிளோரா.

அந்த வெளிச்சத்தை மதிவதனிக்குத் தெரியும். முதல் முதலாக அந்தப் பச்சையை அவள் செய்தது தன் அப்பா வீரையனின் படத்தில். படத்தின் இடது ஓரத்தில், கீழே, குத்தகை வயலில் மடை திறந்துவிட்டு நிற்கிறார், உச்சி வெயில், தலைத்துண்டின் நிழலில் முகம் இருண்டு போயிருந்தது. முகத்தின் மேல் மட்டும் ஒரு வட்டம் போட்டு வெளிச்சம் ஏற்றினாள். பிரீசெட்டாகச் சேமித்தபோது எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. வட்டமும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. சீக்கிரமே கண்டுபிடித்துத் திருத்தினாள். அதற்குள் அப்போது கூட வேலை பார்த்த ஆன்டோ பழையதைக் கேட்டு வாங்கி ஏதோ டெலிகிராம் குரூப்பில் போட்டிருந்தான். அதோடு அவள் அதை மறந்தும் போனாள். ‘காவேரி கிரீன்’ என்பது அங்கே யாரோ வைத்த பேராக இருக்க வேண்டும்.

திருட்டுப்போன கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

“சார், இது எந்தெந்த ஊருக்கெல்லாம் போயிருக்குங்க?”

புகழேந்திக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேராவூரணியில் தென்னந்தோப்புக்குள் எடுக்கிறவன் வரைக்கும் இதுதான் என்றார். கோயம்புத்தூர், பாலக்காடு, யாழ்ப்பாணத்தில்கூட ஒரு ஸ்டுடியோ. அவள் வேறெங்கே என்று கேட்டாள். சொன்னார். இன்னும் கேட்டாள். போலீஸ்காரி மாதிரி என்ன விசாரணை என்று ரெமிஜியஸ் அதட்டினார்.

“இது நான் பண்ணதுண்ணே.”

ரெமிஜியஸ் அதே பழைய சிரிப்பைச் சிரித்தார். நல்லதாக எதையாவது காட்டினால் எல்லா ஊரிலும் ஒருவர் இப்படிச் சொல்வது வழக்கம்தான் என்றார் புகழேந்தி, தன்மையாகவே.

அவள் வாதாடவில்லை. தன் ஃபோல்டரிலிருந்து அப்பாவின் படத்தை எடுத்தாள், கை படாதது, முகம் இருண்டது. அதன் மேல் ‘காவேரி கிரீன்’ சொடுக்கினாள். பயிர் எழுந்தது. வெளிச்சம் நேராகப் போய் வீரையன் முகத்தில் விழுந்தது. நெற்றி, மூக்கு, வெட்டாத மீசை, எல்லாம் தெரிந்தது. வட்டத்தின் ஓரம் ஒரு மயிரிழை பிசகவில்லை.

ஃபிளோரா திரையருகே போனாள். “ஒங்க அப்பாவா?”

“ஆமாங்கக்கா.”

புகழேந்தி கெட்டவர் இல்லை. குரூப்பில் கிடந்ததை எடுத்தேன், யார் செய்ததென்று தெரியாது என்று ஒப்புக்கொண்டார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“அந்த வெளிச்சம் இல்லாம ஒண்ணு பண்ணித் தர்றியாம்மா? ஒம் பேரு போட்டே எல்லா ஊருக்கும் அனுப்பறேன்.”

“அது இல்லாததுதான் சார் இந்தக் கடையில ஓடுது. அதைத் தர மாட்டேன். பேரு போடறதுன்னா இதுக்கே போடுங்க. தப்போட பண்ணதும் நான்தான்.”

“மாப்பிள்ளை முழங்கால்ல விழுதேம்மா.”

“விழட்டும் சார். எங்கப்பா நிக்கிற எடம் அது. வேணும்னா மாப்பிள்ளைய நவுத்தி நிறுத்தச் சொல்லுங்க.”

ஃபிளோராவுக்குச் சிரிப்பு வந்தது. மாதா பக்கம் திரும்பி அடக்கிக்கொண்டாள். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று ரெமிஜியஸ் கேட்டார். சொன்னேன், சிரித்தீர்கள் என்றாள் மதிவதனி. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அது அவருக்கு வராது. திரையில் நின்ற வீரையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புகழேந்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ரெமிஜியஸ் வாசற்படி வரை போனார். எதிரே டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“நம்ம பொண்ணு பண்ணது சார் அது. தஞ்சாவூர்ல யாராச்சும் கேட்டா சொல்லுங்க, குத்தாலத்துல மதிவதனின்னு ஒரு பொண்ணு பண்ணதுன்னு.”

‘நம்ம’ என்பது இன்றைக்கு முளைத்த சொல். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ‘பண்ணது’ என்பது போதும். அவர் உள்ளே திரும்பி வந்து, நாளைக்கு வேலை கிடக்கிறது என்று எதையோ முணுமுணுத்து, ஃபிளோராவோடு பின்கட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

புகழேந்தி மறுபடி கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். ஹார்ட் டிஸ்கை மறந்துவிட்டிருந்தார். மதிவதனி அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். போயிட்டு வாங்க சார் என்றாள். அவர் படியிறங்கினார். அவள் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள்.