வாசலுக்கு வெளியே ஒரு காட்ஸ்

...அரை மணி நேரமாவது ஆகும், ஆகட்டும், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த இருபது பேரில் பதினெட்டுப் பேர் உள்ளே போய்விட்டார்கள், யோராம் காட்ஸ் மட்டும் அந்தப் போலந்து யூத இடுகாட்டின் துருப்பிடித்த வாசலுக்கு வெளியே நின்றான், பேருந்தில் போய் உட்காரலாம், ஆனால் உட்கார்ந்தால் குளிருக்குப் பயந்த மாதிரி ஆகிவிடாதா, நிற்பதில்தானே கௌரவம் இருக்கிறது... கோஹேன் என்றால் சும்மாவா, எருசலேம் கோயில் இடிந்தும் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி வருகிற குருவம்சம், செத்தவர்கள் நடுவே கால் வைக்கக் கூடாதவர்கள். அவனுக்கு எபிரேயம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும், ஓய்வுநாளில் கால்பந்து ஆடுவான், பன்றிக்கறி ரொட்டி தின்றதை இந்தக் கூட்டத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை, முதுகில் ‘வேர்களைத் தேடி’ என்று அச்சடித்த சட்டையைக் கொடுத்தபோது சிரிப்புத்தான் வந்தது, எட்டு நாளில் வேர் கிடைத்துவிடுமாமே... ஆனால் இப்படி வெளியே நிற்பது ஒன்று அப்பா தந்தது. சின்னத் தாத்தாவின் அடக்கத்தன்று அப்பாவும் அவனும் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள், நம்ம ஆளுங்க உள்ள போகக் கூடாதுடா என்று அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார், அந்தக் கை எவ்வளவு சூடாக இருந்தது.

பேருந்திலிருந்து இரண்டு கோப்பைத் தேநீருடன் ஷிமோன் ரப்பபோர்ட் இறங்கி வந்தான், அவனும் கோஹேன், அதனால் உள்ளே போகாதவன், யூதமதப் போதகரான ரபியின் மகன், இந்தச் சட்டமெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். பேச்சுவாக்கில் யோராமின் அம்மா ஃப்ரீஸ்லாந்துக்காரி, கல்யாணத்துக்கு முன்பு யூதமதத்துக்கு மாறியவள் என்று வந்தது. ஷிமோன் கோப்பையை வாயிலிருந்து எடுத்தான்.

“அப்ப நீ எதுக்குடா இங்க நடுங்கிக்கிட்டு நிக்கிற? மாறி வந்தவங்கள கோஹேன் கட்டக் கூடாது. கட்டினா அவன் ஆசீர்வதிக்க ஏறக் கூடாது, பிள்ளைக்கு அந்தப் பட்டமே வராது. நீ யூதன்தான், அதுல ஒரு குறையும் இல்ல. கோஹேன்தான் இல்ல. தாராளமா உள்ள போலாம், போ.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னான், அதுதான் கொடுமை... அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும், பண்டிகையில் கோஹேன்களை ஆசீர்வதிக்க அழைக்கும்போதெல்லாம் கால் வலி என்று தூணுக்குப் பின்னால் நழுவிவிடுவாரே, அம்மாவைக் கட்டியதற்காக விட்டுக்கொடுத்தாரா, விட்டுக்கொடுத்ததை மகனிடம் சொல்ல வாய் வரவில்லையா, அவர் பிறப்பால் கோஹேன், வெளியே நின்றது சரி, என்னை எதற்கு நிறுத்தினார், தனியாக நிற்கப் பிடிக்கவில்லையோ... பிறகு அப்பா செத்து அவருக்குக் கல்லறைக்கல் நட்ட நாள். அடக்கத்துக்குப் போகலாம், சொந்த அப்பா என்றால் கோஹேனுக்கும் விலக்கு உண்டு, ஒரு வருடம் கழித்துக் கல் நடும்போது கிடையாது என்று எங்கோ படித்துவிட்டுப் பெரிய மனிதன் மாதிரி வாசலிலேயே நின்றுவிட்டான். அம்மா தனியாகப் போனாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள், வாய் திறந்தது, மூடிக்கொண்டது, அழுகிறாள் என்று நினைத்தானே முட்டாள்... அவளுக்குத் தெரியும். வா என்று கூப்பிட்டிருந்தால் ஏன் வரலாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கும், என்னால்தான் உனக்கு அது இல்லை என்று எந்தத் தாய் சொல்லுவாள், அதனால்தான் மழையில் தன்னந்தனியாகப் போய்க் கல்லைத் தொட்டுவிட்டு வந்தாள்.

உள்ளேயிருந்து குழுத்தலைவி தீர்ஸா கையசைத்தாள். காட்ஸ் குடும்பத்துக் கல் கிடைத்துவிட்டதாம், விரல் பிரித்து ஆசீர்வதிக்கிற இரண்டு கைகள் செதுக்கியிருக்கிறதாம், கோஹேன் கல்லேதானாம்.

“நீ வர முடியாதுல்ல, படம் எடுத்துட்டு வரட்டா?”

ஷிமோன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீரில் கண்ணைப் பதித்துக்கொண்டான்.

“ஆமா, வர முடியாது, எடுத்துட்டு வா” என்றான் யோராம். சொல்லிவிட்டான்... அப்பாவும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பாரோ? அம்மாவிடம் இன்று தொலைபேசியில் என்ன சொல்வது, உள்ளே போனாயா என்று அவள் கேட்கவே மாட்டாள்.