வருகைக் கடிகாரத்தின் நான்காம் சில்லு

பிப்ரவரி 11, செவ்வாய். ஒரு சிறு தவறு: நான்காம் எண் சில்லின் கண்ணாடியை மூடாமல் ஜன்னலில் வைத்துவிட்டேன். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வெயில் பட்டிருக்கிறது. இனி மூடிவிட்டுத்தான் வைக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் ஒரு விரற்கடை மடங்கியது.

மகளின் குறிப்பேட்டில் இத்தனையும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கிறது. அவளுடைய அப்பா உட்கார்ந்து அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. தொழிற்சாலையை மூடிய அன்று மாலை, கிழக்கு வாசலின் வருகைக் கடிகாரத்தில் அவர் தன் அட்டையைச் செருகப் போன நொடியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். காலையில் அவர் உள்ளே வந்தது பதிவாகியிருந்தது. வெளியே போனது பதிவாகவில்லை. வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது அங்கே விதி. வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்தார், முழங்கால் மடங்கவில்லை. படுக்க வைத்தால் உடம்பு தானாக நிமிர்ந்து எழுந்து நின்றது. டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து எலும்பில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, இடுப்பை ஒரு பழைய பெல்ட்டால் ஜன்னல் கம்பியோடு கட்டிக்கொண்டு தூங்கப் பழகினார். தெருக்காரர்கள் முதல் மாதம் வந்து வந்து பார்த்தார்கள். பிறகு, “அண்ணே, இங்க சும்மாதானே நிக்கிறீங்க, எங்களுக்குப் பதிலா ரேஷன் கவுன்டர் வரிசையில வந்து நில்லுங்களேன்” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் மறுக்காமல் போய் நின்றார்.

மகள் பகலில் பழைய சாமான் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தாள். சாயங்காலம் மின்னணு வகுப்புக்குப் போனாள். அந்த ஒப்பந்தக்காரர்தான் மூடிக் கிடந்த தொழிற்சாலையை உடைத்தெடுக்கும் வேலையைப் பிடித்திருந்தார். புறா எச்சமும் துருவும் மூடிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து, பலகைகளைக் கழற்றி, சூடான காற்றை ஊதி ஈயத்தை இளக்கி, சில்லுகளை அவற்றின் கம்பிக் கால் வளையாமல் பிடுங்கி, எண் ஒட்டி வைப்பது அவள் வேலை. இப்போது யாரும் செய்யாத அந்தச் சில்லுகளுக்காக எங்கெங்கோ பழைய இயந்திரங்கள் காத்துக் கிடந்தன. ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை சரிபார்ப்பாள். அப்போதும் நம்பிக்கை வராது. சில சில்லுகளின் நெற்றியில் மிளகளவு கண்ணாடி வட்டம் இருக்கும். அதன் வழியே வெயில் போனால் உள்ளே எழுதியிருப்பது அழிந்துவிடும் என்பதால் மேலே ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். அப்பாவின் வருகை பதிந்திருந்த, கிழக்கு வாசல் கடிகாரத்தின் நான்காம் எண் சில்லில் அந்தக் காகிதம் சூட்டில் உரிந்துவிட்டது. புதிதாக ஒட்டலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தவள் மறந்துபோனாள்.

புதன்கிழமை வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டாள். “சார், வெறும் வெயில்ல வச்சா முழுசா அழிய எவ்வளவு நாள் ஆகும்?”

“நல்ல வெயில்னா ஒரு வாரம். ஏம்மா, யார் ஜாதகத்தை அழிக்கப் போற?”

அவள் சிரித்து வைத்தாள். அன்று காலையே சில்லை மறுபடி ஜன்னலில், இந்த முறை தெரிந்தே, திறந்து வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. புதன், இரண்டு விரற்கடை. வியாழன், நான்கு. அளக்க அளக்க அப்பாவிடமிருந்து சில விஷயங்கள் உதிர்ந்தன. முதலில் தன் இயந்திரத்தின் எண், பிறகு மேற்பார்வையாளரின் பட்டப்பெயர், பிறகு தொழிற்சாலைக்குப் போகும் வழி. போனால் போகட்டும் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை காலை, தேநீரோடு வந்த அம்மாவைப் பார்த்து அவர் மரியாதையாகக் கேட்டார்: “நீங்க எந்த செக்‌ஷன்?”

அம்மா பேக்கிங் செக்‌ஷன். அந்தத் தொழிற்சாலையின் தேநீர் வரிசையில்தான் இருவரும் பேசிப் பழகினார்கள். மகள் கறுப்பு டேப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள், என்ன செய்தாள் என்பதை ஓடிக்கொண்டே சொன்னாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“ஒட்டாத.”

“அம்மா, இன்னும் நாலஞ்சு நாள்ல உன்னைச் சுத்தமா மறந்திடுவாரு.”

“மறக்கட்டும். நான் மறக்கலையே. தூங்குறப்ப அவரைப் பார்த்திருக்கியா நீ? தூக்கத்துலகூட காலை மாத்தி மாத்தி நிக்கிறாரு. என்னை ஞாபகம் வச்சுக்கிட்டு அந்தக் காலு என்னத்தைக் கண்டுச்சு?” டேப்பை வாங்கி அலமாரியில் வைத்தாள். “வைக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ்வளவுதான்டி.”

சனி, ஞாயிறு மேகமூட்டம்; முழங்கால் நகரவில்லை. அந்த இரண்டு நாளும் அம்மா அவர் எதிரே நின்று, கல்யாணத்தன்று செருப்பு தொலைந்தது முதல் மகளுக்கு முதல் பல் விழுந்தது வரை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் அடுத்த வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் தலையாட்டினார். திங்கள் வெயில் அடித்தது. புதன்கிழமை, பதினொன்று இருபதுக்கு, அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. அப்படியே மறுநாள் மதியம்வரை தூங்கினார். கண் விழித்தபோது மகளைத் தெரிந்தது. அவள் தொழிற்சாலைக்கு வெளியே பிறந்தவள். அவள் எப்படித் தனக்கு மகளானாள் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை, அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. அடுப்பருகே இருந்த அம்மாவைப் பார்த்துச் சற்று நகர்ந்தார்.

“நிக்கிறீங்களே, உக்காருங்க. கால் வலிக்கும்.”

அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் பெயரைக் கேட்டார். சொன்னாள். நல்ல பெயர் என்றார். முதல் தடவையும் இதையேதான் சொன்னார் என்று அம்மா பிறகு மகளிடம் சொன்னாள். சொல்லும்போது வெங்காயம் எதையும் நறுக்கிக்கொண்டிருக்கவில்லை.

அந்த வாரமே விஷயம் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றாள். அவள் கணவர் மேற்கு வாசல் வழியே வேலைக்குப் போனவராம். அவரும் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாராம். வெளியே தெரிந்தால் கேவலம் என்று இத்தனை வருடம் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்களாம். “அந்தக் கடிகாரமும் அங்கதானே இருக்கு, தங்கச்சி?” என்று கேட்டாள். மகள் ஆமாம் என்றாள். அப்பா எதையெல்லாம் மறந்தார் என்று சொல்ல அன்று அவளுக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி. நான்காம் சில்லை வகுப்பில் சில்லு படிக்கும் கருவியில் செருகிப் பார்த்தேன், காலி. இரண்டு தடவை பார்த்தேன். நாளை: மேற்கு வாசல் கடிகாரம், பலகையைக் கழற்றுவது. அதற்கு முன் அந்த அக்கா வீட்டுக்குப் போய், அவர்கள் இருவரும் எங்கே சந்தித்தார்கள் என்று கேட்க வேண்டும்.